ஏறும்போதுதான் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓடும் வண்டியின் சன்னலுக்கு வெளியே எப்போதாவது கையை நீட்டியிருப்பீர்கள். உள்ளங்கையைக் காற்றுக்குக் காட்டினால் கையைப் பின்னால் தள்ளும். புறங்கையில் அந்தத் தள்ளல் இருக்காது, லேசாக இழுப்பதுபோலக்கூடத் தோன்றும். இந்த அனுபவத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவதில் பாதி அதற்குள் இருக்கிறது.

ஒருவர் தன் கையாலேயே கட்டிய சிறு விமானம். அதில் ரோட்டரி எஞ்சின். அந்த எஞ்சின் கொதிக்காமல் பறக்குமா என்று சோதிப்பது எப்படி? இதுதான் என் பேச்சு. காற்று, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் பற்றிச் சொல்ல எழுதி வந்திருக்கிறேன்.

முதலில் அந்த எஞ்சின். அதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோணம் ஒன்று, இடுப்பு லேசாக ஒடுங்கிய நீளுருண்டை அறைக்குள் சுற்றுகிறது. அந்த முக்கோணத்தைத்தான் ரோட்டர் என்கிறோம். இரண்டு ரோட்டர், நடுவே ஒரு தண்டு, சக்தி உண்டாக்கும் இடத்தில் அசைகிற பெரிய பாகங்கள் அவ்வளவுதான். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் இந்த யோசனைக்குச் சொந்தக்காரர். என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957ல் முதல் மாதிரி ஓடியது. 1967ல் மாஸ்டா தன் காஸ்மோ ஸ்போர்ட் காரில் இரண்டு ரோட்டர் வைத்து விற்றது. 1991ல் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா கார் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. விமானத்தில் ரோட்டரி வைக்கிறவர்கள் பெரும்பாலும் தேடி எடுப்பது மாஸ்டாவின் 13பி. ரோட்டர் ஒன்றுக்கு 654 கன சென்டிமீட்டர், அப்படி இரண்டு. சிறிய உருவம், குறைந்த அதிர்வு. எனக்கு அதன்மேல் தீராத பிரியம்.

ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு பலவீனம் உண்டு. பிஸ்டன் எஞ்சினில் ஒரே சிலிண்டருக்குள் குளிர்ந்த காற்றும் வருகிறது, நெருப்பும் எரிகிறது. மாறி மாறி நடப்பதால் சூடு ஓரளவு பரவிவிடும். ரோட்டரியில் அப்படியில்லை. ஒரு பக்கம் எப்போதும் நெருப்பு, எதிர்ப்பக்கம் எப்போதும் குளிர்ந்த காற்று. சுவரின் ஒரே இடம்தான் ஓயாமல் சுடுபடுகிறது. அந்தச் சுவர் அலுமினியம். அதை இரண்டு பக்கமும் அணைத்திருக்கும் தட்டுகள் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் காப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள். எல்லை மீறிக் கொதித்தால் முதலில் போவது அந்த வளையம். அதை மாற்ற வேண்டுமானால் எஞ்சினை முழுவதும் பிரித்தாக வேண்டும்.

சரி, இந்த எஞ்சின் காரில் நன்றாகத்தானே ஓடியது, விமானத்தில் மட்டும் ஏன் தொல்லை என்று கேட்பீர்கள். மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எஞ்சின் முழு மூச்சோடு உழைக்கிறது, வண்டியோ மெல்ல நகர்கிறது. ரேடியேட்டரில் காற்றுப் படுவதில்லை. ஓரமாக நிறுத்தி ஆவி அடங்கக் காத்திருப்பார்கள். விமானம் தரையை விட்டுக் கிளம்பி ஏறுவது அதே கதைதான். கார் ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பது சில நொடிகள். விமானி த்ராட்டிலை முழுக்கத் தள்ளிப் பல நிமிடம் அப்படியே வைத்திருக்கிறார், அதுவும் விமானம் மெதுவாகப் போகிற நேரத்தில். தண்டுக்கு 100 கிலோவாட் கொடுக்கிற எஞ்சின், தண்ணீரிலும் எண்ணெயிலும் 50 கிலோவாட்டுக்கு மேலேயே வெப்பத்தைக் கொட்டும். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 1 கிலோவாட். ஐம்பது இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாக எரியவிட்டு, அந்தச் சூட்டையெல்லாம் ஒரு சின்னப் பெட்டி வழியாக வெளியேற்றுவதாக நினைத்துப் பாருங்கள்.

இதற்காகச் சிலர் கார் ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் தடித்த அலுமினியப் பெட்டியை, எவாப்பரேட்டர் என்பார்கள், அதை எடுத்து ரேடியேட்டராக வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் வேலை செய்கிறது. எந்த ரேடியேட்டர் என்பதைவிட, அதன் வழியாகக் காற்று உண்மையில் போகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் விமானத்தின் முதல் பறப்பு. தரையில் கட்டிவைத்து ஓட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. மேலே கிளம்பி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, 1200 அடி உயரம்தான், எண்ணெய்ச் சூடு நான் வைத்திருந்த எல்லையைத் தாண்டிவிட்டது. தண்ணீரும் பின்னாலேயே ஏறுகிறது. த்ராட்டிலை இழுத்தேன், மூக்கைத் தாழ்த்தினேன், வேகம் கூடியது. ஒரு நிமிடத்தில் இரண்டு முள்ளும் இறங்கத் தொடங்கின. ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிட்டேன்.

காற்றுப் போதவில்லை என்று முடிவு கட்டி, காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கினேன். இரண்டு வாரம் ஃபைபர் கிளாஸ் வேலை. மறுபடி பறந்தேன். ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். அப்போதும் குறையவில்லை, விமானத்தின் வேகம் மட்டும் குறைந்தது. ரேடியேட்டரையே மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு எடுத்தேன். நேயர்களே, அன்றுமுதல் அந்தக் குழாய் இல்லாமல் நான் எந்த எஞ்சினையும் சோதித்ததில்லை.

செய்வது எளிது. குழாயை எழுத்து ‘ப’வைப்போல வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, ஒரு பலகையில் கட்டி, பக்கத்தில் அளவுகோல் ஒன்று ஒட்டிவிடுங்கள். ஒரு முனையிலிருந்து மெல்லிய குழாய் ரேடியேட்டருக்கு முன்னால் போகும், மறு முனையிலிருந்து பின்னால். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் தாழும், மறுபக்கம் ஏறும். எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசமோ, அதுதான் ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தள்ளும் பலம். ஒரு முனையை மட்டும் காக்பிட்டில் திறந்துவிட்டால் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தனித்தனியாகவும் பார்க்கலாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் இருக்கும் முனை காற்றை நேராகப் பார்க்கக் கூடாது. முனையை அடைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஊசித் துளைகள் போடுங்கள். இல்லையென்றால் வீசுகிற வேகத்தையும் சேர்த்து அளந்து உங்களை ஏமாற்றும். அடுத்து, பலகையை விமானத்தின் குறுக்கே, இடமும் வலமுமாக வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் மூக்கு தூக்கும்போது தண்ணீரும் சாய்ந்து பொய்க் கணக்குக் காட்டும். சோதனைப் பறப்பில் விமானியின் கண் வெளியே இருக்க வேண்டும். அதனால் பலகைக்கு எதிரே சிறு கேமரா ஒன்றை மாட்டிவிட்டு, இறங்கிய பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கையை வெளியே நீட்டிய கதைக்கு வருவோம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். கடல்மட்டத்தில் 60 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டரில், அது தண்ணீரை 60 மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளும். 80 நாட் என்றால் 106. 120 நாட் என்றால் கிட்டத்தட்ட 240. நாம் ஏறுவது 80 நாட் வேகத்தில். ஆக நமக்குக் கிடைக்கிற மொத்தமே 106 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் கேட்க முடியாது.

என் பலகை என்ன காட்டியது தெரியுமா? ரேடியேட்டருக்கு முன்னால் 90. அதாவது நான் இரண்டு வாரம் பாடுபட்டு அகலமாக்கிய வாயில் குறையே இல்லை. பின்னால் 68! மிச்சம் 22 மில்லிமீட்டர். முன்னாலும் காற்று நெருக்குகிறது, பின்னாலும் காற்று நெருக்குகிறது, நடுவில் ரேடியேட்டர். எஞ்சினை மூடியிருக்கும் கூட்டுக்குள் காற்று வந்து நிரம்பிக்கொண்டே இருந்தது, வெளியே போக வழி போதவில்லை. புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் பழைய வடிவமைப்பிலிருந்து மிஞ்சிய திறப்பு ஒன்று வேறு, அது நேராகக் கூட்டுக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

அந்தத் திறப்பை அடைத்தேன். காற்று வெளியேறும் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு தகடு வைத்துக் கீழ்நோக்கி வளைத்தேன். வெளிக்காற்று அதன்மேல் ஓடும்போது பின்னால் இழுப்பு உண்டாகும், புறங்கையில் உணர்ந்தீர்களே, அதேதான். ஒரு மாலைப்பொழுது வேலை. அடுத்த பறப்பில் முன்னால் 88, பின்னால் 15. வித்தியாசம் 73. அதே வேகம், அதே த்ராட்டில், தண்ணீர்ச் சூடு 17 டிகிரி குறைந்தது. காற்று நுழைகிற வாயைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். போகிற வழியைப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், போகிற வழியைப் பாருங்கள்.

ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளையும் அப்படியே பாருங்கள். காற்றுக்குச் சுலபமான வழி ஒன்று கிடைத்தால் ரேடியேட்டரின் நெருக்கமான இடைவெளிக்குள் அது நுழையவே நுழையாது. விரல் போகும் இடுக்கானாலும் ரப்பரோ ஸ்பாஞ்சோ வைத்து அடைக்க வேண்டும்.

1930களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் மெரிடித் என்ற ஆராய்ச்சியாளர் இன்னொன்றும் சொன்னார். நன்றாக அமைந்த காற்றுவழியில் ரேடியேட்டர் சூடாக்கிய காற்று பின்னால் பீறிட்டு விமானத்தையே கொஞ்சம் தள்ளும் என்றார். மஸ்டாங் போர்விமானத்தின் வயிற்றடியில் தெரியும் அந்த அமைப்பு அதைப் பயன்படுத்திக்கொண்டது. நம் கைக்கட்டு விமானங்களில் அவ்வளவு தூரம் போவது அரிது. அதைப் பற்றி எனக்கு இன்னும் நிறையப் பேச ஆசை, கடிகாரம் அனுமதிக்காது.

அடுத்து, சோதனையின் கணக்கு. குளிர்ந்த காலைப்பொழுதில் ஏறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் 88 டிகிரியில் நின்றது, வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. அப்போது வெளிக்காற்று எவ்வளவு? 20 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 68. அதே த்ராட்டில், அதே வேகம் என்றால் அந்த வித்தியாசம் ஏறத்தாழ மாறாது. வெளியே 38 டிகிரி அடிக்கும் நாளில் தண்ணீர் 106க்குப் போகும். தொழிற்சாலைகளில் செய்யும் சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதி, கடல்மட்டத்தில் குறைந்தது 38 டிகிரி என்று வைத்துத்தான் கணக்கிடச் சொன்னது. கையால் கட்டுகிறவரை அந்த விதி கட்டாயப்படுத்தாது. நான் விரும்பியே அதைப் பின்பற்றுகிறேன். ஒன்று மட்டும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்திருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். பாதி மூடியிருந்தால் அதுவே சூட்டைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கும். முள் நிமிடத்துக்கு 1 டிகிரிக்கும் குறைவாக நகரும் வரை அதே ஏற்றத்தில் பொறுத்திருந்து, பிறகு எழுதிக்கொள்ளுங்கள். எல்லையைத் தொட்டால் பொறுத்திருக்க வேண்டாம், உடனே த்ராட்டிலை இழுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன், நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். 10,000 அடியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங், வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு என்றுதான் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். அதனால் மேலே போனால் கொதிநிலையும் இறங்கும். தரையில் பாதுகாப்பாக இருந்த சூடு அங்கே பாதுகாப்பாக இருக்காது. அதைவிட முக்கியம், தண்ணீரின் சூட்டோடு தண்ணீரின் அழுத்தத்தையும் காட்டும் மீட்டர் ஒன்று வையுங்கள். ஹோஸ் பிய்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது சூட்டு முள் இறங்கும், விமானி நிம்மதியாக இருப்பார். அழுத்த முள் அந்த நொடியே விழுந்து காட்டிக்கொடுக்கும்.

எண்ணெயைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். நிலையத்தார் கை காட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். சுழல்கிற ரோட்டரின் உள்வயிற்றைக் குளிரவைப்பது தண்ணீர் இல்லை, எண்ணெய்தான். ரோட்டரிக்காரர்களின் தோராயக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் எண்ணெய் வழியாகவே வெளியேற வேண்டும். ஆகவே ரேடியேட்டருக்கு இருப்பதுபோல ஆயில் கூலருக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தனிக்குழாய் போட்டு, அதே சாயத் தண்ணீரில் அளந்து பாருங்கள். என் விமானத்தில் எண்ணெய்க்கு எல்லை 99 டிகிரி, தண்ணீருக்கு 105. இரண்டில் எது முதலில் தொட்டாலும் ஏறுவதை நிறுத்திவிடுகிறேன்.

வணக்கம்.