பூண்டுப் பாத்தியில் ஒன்பது கிழங்கு

வணக்கம் மக்களே. பூண்டு வீடியோ போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன், போடுகிறேன், ஆனால் முதலில் இதைப் பாருங்கள். இருங்கள், கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். கறுப்பாக, சுண்டைக்காய் அளவுக்கு, நூலில் கோத்த மாதிரி தொங்குகிறது, தெரிகிறதா? எண்ணுங்கள். ஒன்பது! ஒரே கோரைக்கு அடியில் ஒன்பது கிழங்கு, நடுவில் ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. காலை ஆறரைக்கு உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போது எட்டாகிவிட்டது, பையனுக்கு இன்றைக்கு டிபன் பாக்ஸில் பிரெட்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, மாமியார்தான் சொன்னார்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், நாங்கள் மடிப்பாக்கத்துக்கு வந்த புதிதில் இந்தத் தோட்டத்தில் கோரையே கிடையாது. ஒரு லோடு செம்மண் அடித்தேன் இல்லையா, அதோடு வந்தது. மண் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, "மண்ணுன்னா புல்லு வரத்தாம்மா செய்யும்" என்றார். இது புல்லே இல்லை. புல் என்றால் பிடுங்கினால் போக வேண்டும். இதை இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், நாலு நாளில் மறுபடி பச்சை. அதைவிட மோசம், கொத்தும்போது அந்தச் சரம் அறுந்தால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்க ஆரம்பித்துவிடும். போன வருடம் நான் ஆவேசமாகக் கொத்திக் கொத்தி ஒன்றை ஆறாக்கினேன், அந்த வீடியோ பார்த்திருப்பீர்கள். களை வராமல் மண்ணை மூடக் கறுப்பு மல்ச்சிங் ஷீட் போடச் சொன்னீர்கள், போட்டேன். ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்தது.

இந்தத் தடவை செய்தது இதுதான்: முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிவிட்டு, தாளைத் தொடாமல், சுற்றி ஒரு சாண் தள்ளி இறக்கித் தோண்டினேன். எதை வைத்து? ஆன்லைனில் 649 ரூபாய்க்கு வாங்கிய தோட்டக் கருவி செட்டா? அதில் முள்கரண்டி இரண்டாம் நாளே வளைந்துவிட்டது. கொல்லுப்பட்டறையில் 90 ரூபாய்க்கு வாங்கிய களைக்கொத்தியும், வீட்டில் கிடந்த பழைய திருப்புளியும்தான். 649 ரூபாய்! இன்னும் வயிறு எரிகிறது.

சரி, பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு நட்டிருக்கிறேன், 2019இல் புவிசார் குறியீடு வாங்கினதே, அது. பூண்டுக்குப் பல் பிரிய வேண்டுமென்றால் குளிர் வேண்டும், நம்ம ஊர் மார்கழியெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. அதனால் ஒரு மாதம் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். வீட்டில் காபியில் பூண்டு வாசனை வந்தது, அந்தக் கதை வேண்டாம். மழையில் நட்டால் அழுகிவிடும், அதனால் கார்த்திகைக் கடைசியில் மழை விட்ட பிறகு தோல் உரிக்காமல், கூர்முனை மேலே பார்க்க நாலு விரல் இடைவெளியில் நட்டேன். போன வருடம் ஃபிரிட்ஜில் வைக்காமல் நட்டதில் கோலிக்குண்டு மாதிரி ஒற்றைப்பல்தான் கிடைத்தது. இந்தத் தடவையும் பல் பிரியாவிட்டால் கவலையில்லை, தாளை நறுக்கி அடைமாவில் போட்டால் அதற்கு ஈடே கிடையாது.

பிரச்சினை என்னவென்றால் பூண்டுத் தாள் ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்கும், தரையில் நிழலே விழாது. கோரைக்கு வெயில் இருந்தால் கொண்டாட்டம். பக்கத்துப் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்து மூடியிருக்கிறது, அங்கே கோரை நோஞ்சானாகத்தான் நிற்கிறது. இங்கே வரிசைக்கு நடுவில் வைக்கோல் போட்டிருக்கிறேன், அது மற்ற களைக்குச் சரி. உப்பு போடச் சொல்லாதீர்கள், மண்ணே வீணாகிவிடும். களைக்கொல்லியும் வேண்டாம், இது அடைக்குப் போகிற தாள்.

ஆ, ஒன்று மறந்துவிட்டேன். கோரைதானா என்று சந்தேகமாக இருந்தால், பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். முக்கோணமாக மூன்று பட்டை தட்டுப்படும். புல்லின் தண்டு அப்படி இருக்காது.

எடுத்த கிழங்கை உரக்குழியில் போட்டுவிடாதீர்கள், உரத்தோடு எல்லாப் பாத்திக்கும் போய்விடும். நான் மொட்டை மாடியில் தகரத் தட்டில் சுருங்கும்வரை காயவைக்கிறேன். இதில் என்ன கடுப்பு தெரியுமா, போன மாதம் நலங்கு மாவு அரைக்க மயிலாப்பூரில் நாட்டு மருந்துக் கடையில் இதே கோரைக்கிழங்கை 100 கிராம் 40 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். இதே சனியனை! காசு கொடுத்து!

சரி, தண்ணீர் விட்டுவிட்டு... ஒரு நிமிஷம். நாலாவது வரிசையில், வைக்கோலுக்கு நடுவில் ஒன்று நிற்கிறதே, பூண்டா அது? தண்டு மாதிரி விட்டிருக்கிறது. இருங்கள், உருட்டிப் பார்க்கிறேன்.

மூன்று பட்டை.