பட்டறையே! மாக்ஸ் மார்ட்டினை முன்வைத்து ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பாப் பாடல்களை எழுதி, அவற்றை ஒலிப்பதிவாகவும் உருவாக்கும் ஒருவரின் நீண்ட வெற்றிக்குப் பெரிதும் காரணம் அவருடைய தனித்திறமையா, அவர் உழைத்த பட்டறையா என்பது இன்றைய தலைப்பு. இரு அணியும் சேர்ந்து தேர்ந்துகொண்ட சான்று, சுவீடனைச் சேர்ந்த மாக்ஸ் மார்ட்டின். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை முன்வைத்தார். அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களின் கணக்கில் மார்ட்டின் எட்டிய உயரம் முதலாவது. பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடிய 'பேபி ஒன் மோர் டைம்' பாடலை எழுதியவராக அவர் பெயர் மட்டுமே இருப்பது இரண்டாவது. அவர் தொழில் பழகிய ஷெய்ரான் ஸ்டுடியோ 2000-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்ட பிறகும் அவர் மட்டும் நிலைத்து நிற்பது மூன்றாவது. மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுமே எங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல வந்தவை, வழி தவறி எதிரணி மேடையில் ஏறிவிட்டன என்பதே என் வாதம்.

முதலில் எண்ணிக்கை. பாடலாசிரியர்கள் வரிசையில் 32 பாடல்களுடன் பால் மெக்கார்ட்னி முதலிடத்தில் இருக்கிறார். ஜான் லெனனின் 26 என்ற கணக்கை 2024-இல் தாண்டி மார்ட்டின் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அதே ஆண்டில் தயாரிப்பாளர்கள் வரிசையிலும் அவர் ஒருவரை முந்தினார். முந்தப்பட்டவர் ஜார்ஜ் மார்ட்டின். மெக்கார்ட்னியும் லெனனும் பீட்டில்ஸ் என்ற ஒரே குழுவினர் என்பதையும், அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளைத் தயாரித்தவரே இந்த ஜார்ஜ் மார்ட்டின் என்பதையும் எதிரணித் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். தனித்திறமைக்குச் சான்றாக அவர் நீட்டிய பட்டியலில், மார்ட்டினோடு ஒப்பிடப்படும் மூவரும் ஒரே ஸ்டுடியோவில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள். இதற்குமேல் அந்தப் பட்டியலைப் பற்றி நான் பேசத் தேவையில்லை.

இப்போது மனிதருக்கு வருகிறேன். 1971-இல் ஸ்டாக்ஹோம் பகுதியில் பிறந்த இவருடைய இயற்பெயர் கார்ல் மார்ட்டின் சாண்ட்பெர்க். சுவீடனில் உள்ளாட்சிகள் நடத்தும் இசைப் பள்ளிகள் உண்டு. பெற்றோரின் வசதியைப் பார்த்துக் குழந்தைகளைப் பிரிக்காமல் கருவிகளைக் கையில் கொடுத்துக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டில்தான் இவர் பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கப் பழகினார். தன் வாழ்வு அந்தப் பொதுக் கல்விக்குக் கடன்பட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எதிரணியினர் 'பிறவி மேதை' என்று சொல்லும் ஒருவர், நன்றி சொல்லும்போது ஓர் ஊராட்சிப் பள்ளியை நினைக்கிறார் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அவர் 'இட்ஸ் அலைவ்' என்ற ராக் குழுவில் பாடகரானார். அந்தக் குழு பெரிதாக வெற்றி பெறவில்லை. தனித்திறமை ஒன்றே போதுமென்றால், பாடவும் எழுதவும் தெரிந்த, மேடையேறத் துணிந்த இளைஞருக்கு அங்கேயே கதவு திறந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தவர் டாக் வோலே என்ற டி.ஜே; இசையுலகில் டெனிஸ் பாப் என்று அறியப்பட்டவர். முறையான இசைப் பயிற்சி இல்லாத மனிதர் அவர். நடன அரங்குகளில் இசைத்தட்டுச் சுழற்றி, எந்த இடத்தில் கூட்டம் எழுகிறது, எந்த இடத்தில் சோர்ந்து உட்கார்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியதே அவருடைய கல்வி. 1992-இல் டாம் டலோமாவுடன் சேர்ந்து ஷெய்ரான் ஸ்டுடியோவை அமைத்த அவர், மறு ஆண்டில் மார்ட்டினை உள்ளே அழைத்துக்கொண்டார். மார்ட்டின் சுமார் இரண்டு ஆண்டுகள் இரவும் பகலும் அந்த அறைகளிலேயே கிடந்து, அங்கே என்னதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ள முயன்றார். 'மாக்ஸ் மார்ட்டின்' என்ற பெயரே டெனிஸ் பாப் சூட்டியதுதான். கேட்டுச் சூட்டியதும் அல்ல என்பார்கள். தனிமனித மேதைமைக்குச் சான்றாகக் காட்டப்படுபவருக்குப் பெயர்கூடப் பட்டறை வைத்த பெயர்!

ஷெய்ரானில் வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் பல்லவிக்கு மெட்டுப் போடுவார். அது அடுத்த அறைக்குப் போகும். அங்கே இன்னொருவர் தாளத்தை மாற்றுவார். சரணம் மூன்றாமவரிடம் பிறக்கும். கிறிஸ்டியன் லுண்டின், ஆண்ட்ரியாஸ் கார்ல்சன், ராமி யாகூப், யோர்கன் எலோஃப்சன் என்று பலர் அங்கே ஒருவர் பாட்டில் ஒருவர் கைவைத்தார்கள். தன் மெட்டை வெட்டி எறிந்தால் கோபித்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே வேலையில்லை. 1999-இல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழு பாடிய 'ஐ வான்ட் இட் தட் வே' பாடலை மார்ட்டினும் கார்ல்சனும் எழுத, மார்ட்டினும் லுண்டினும் தயாரித்தார்கள். அதன் வரிகளுக்குத் தெளிவான பொருள் இல்லை என்ற குறை எழுந்ததால் வேறு வரிகளுடன் இன்னொரு வடிவமும் பதிவு செய்யப்பட்டது. ஆனால் பொருள் விளங்கிய வடிவத்தை ஒதுக்கிவிட்டு, காதில் ஒட்டிக்கொண்ட முதல் வடிவத்தையே பாடகர்கள் விரும்பி வெளியிட்டார்கள். தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. ஆனால் மெட்டுக்கே முதல் மரியாதை என்பது அந்தப் பட்டறையின் சட்டம். மார்ட்டின் இன்றுவரை அந்தச் சட்டத்தை மீறவில்லை.

எதிரணித் தலைவரின் இரண்டாவது வாதம், எழுதியவர் ஒருவரே என்ற பாடல். எழுதியவர் ஒருவர்தான். ஆனால் நம் தலைப்பு எழுதுவதோடு நிற்கவில்லை. தயாரிப்பும் அதில் இருக்கிறது. 'பேபி ஒன் மோர் டைம்' பாடலின் தயாரிப்பில் மார்ட்டினுக்கு அருகிலேயே ராமி யாகூப்பின் பெயர் இருக்கிறது. இந்தப் பாடல் முதலில் டி.எல்.சி என்ற குழுவுக்குத்தான் கொடுக்கப்பட்டது, அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். பிறகு 1998-இல், பதினாறு வயதுப் பெண்ணாக பிரிட்னி ஸ்பியர்ஸ் கடல் கடந்து ஸ்டாக்ஹோமில் இருந்த அந்த ஸ்டுடியோவுக்கே வந்து பாடினார். பாடகருக்கு வழிகாட்டும் மாதிரிப் பதிவான டெமோவை மார்ட்டினே பாடிவைப்பார்; எந்த அசையை இழுப்பது, எங்கே குரலைச் சற்றுக் கரகரப்பாக்குவது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். இவையெல்லாம் நடந்த ஆண்டில் டெனிஸ் பாப் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1998 ஆகஸ்டில், 35 வயதில் அவர் மறைந்தார். 1999 ஜனவரியில் பாடல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஆசான் இல்லாமலேயே பட்டறை ஓடியது, ஏனென்றால் முறை அங்கிருந்த எல்லோருடைய கையிலும் இருந்தது. முழுவதும் ஒரு மேதையின் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால் அது அவரோடு போயிருக்கும்.

மூன்றாவது வாதத்துக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனென்றால் எதிரணியினர் இதைத்தான் தங்கள் கோட்டையாக நினைக்கிறார்கள். 2000-இல் ஷெய்ரான் மூடப்பட்டது, மார்ட்டின் நிலைத்தார், ஆகவே அவர் தனித்திறமையால் நிலைத்தார் என்கிறார்கள். நடுவே உள்ள ஆண்டுகளை ஏன் தாண்டிக் குதித்தார்கள்? 2000-இல் 'என்சிங்க்' குழுவின் பாடல் ஒன்று முதலிடம் பிடித்தது. அதன்பின் மார்ட்டின் எழுதிய அடுத்த பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 2008-இல். இடையில் எட்டு ஆண்டுகள். அதே மனிதர், அதே காது, அதே மெட்டறிவு. டாம் டலோமாவோடு சேர்ந்து 'மாரடோன்' என்ற புதிய நிறுவனமும் தொடங்கியிருந்தார். ஆனால் ஷெய்ரானின் ஒலிக்கு அந்நேரம் மவுசு குறைந்துவிட்டது. இங்கே எதிரணி நண்பர் ஒருவர் எழுந்து, 'பட்டறை மாரடோனாகத் தொடர்ந்ததே, அப்படியிருந்தும் முதலிடம் வரவில்லையே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டறை என்று நாங்கள் சொல்வது நான்கு சுவரையோ பழைய கூட்டாளிகளையோ அல்ல. புதிய ஆள் உள்ளே வந்து பழைய முறையைக் கேள்வி கேட்க இடமிருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறோம்.

அந்தப் புதிய ஆள் 2004-இல் வந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் இசைக்குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த லூக்காஸ் காட்வால்ட் அவர். ராக் குழுக்களின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இவ்வளவு நன்றாகக் கட்டி எழுப்பிவிட்டுப் பல்லவி வருமிடத்தில் மேலே ஏறாமல் விட்டுவிடுகிறார்களே என்ற ஆற்றாமை இருவருக்கும் எழுந்தது. அதிலிருந்து கெல்லி கிளார்க்சன் பாடிய 'சின்ஸ் யூ பீன் கான்' பிறந்தது. கிடார் அமெரிக்கரின் கையிலிருந்து வந்தது, வெடித்து எழும் பல்லவி ஷெய்ரானிலிருந்து வந்தது. அது முதலிடத்தைத் தொடவில்லையென்றாலும், மார்ட்டினின் ஒலியை மாற்றிய பாடல் அதுதான். 2008-இல் முதலிடம் பிடித்த இரண்டு பாடல்களில் ஒன்று காட்வால்டோடும், மற்றொன்று ஷெல்பேக் என்ற இளம் சுவீடன்காரரோடும் எழுதியவை. ஆக, எட்டு ஆண்டு வறட்சியை உடைத்தது மார்ட்டின் தனியே அமர்ந்து யோசித்த யோசனை அன்று. தன்னைவிட இளையவர்களுக்கு அருகில் நாற்காலி போட்டு அமர்ந்த பணிவு.

அந்தப் பணிவையும் தனித்திறமை என்றே எதிரணியினர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அவருடைய காது அசாதாரணமானது என்பதை மறுக்கும் அளவுக்கு நான் முரடன் அல்லன். ஆனால் அந்தக் காது வேலை செய்ய எதிரே இன்னொருவரின் மெட்டு வேண்டியிருக்கிறது. 'பிளைண்டிங் லைட்ஸ்' பாடலைப் பாருங்கள். ஹாட் 100 பட்டியலில் 90 வாரங்கள் இருந்த பாடல் அது. தி வீக்எண்ட் எனப்படும் ஏபல் டெஸ்ஃபாயி, மார்ட்டின், ஆஸ்கார் ஹோல்டர் ஆகியோரோடு இன்னும் இருவர், ஆக ஐந்து பேர் எழுதியவர்களாக இருக்கிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் மார்ட்டினின் பெரிய பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுதியவர் பகுதியைப் படித்துப் பாருங்கள். அவருடைய பெயர் கூட்டத்தின் நடுவில்தான் இருக்கும்.

மணி அடித்துவிட்டதால் ஒரே ஒரு கேள்வியை அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் விட்டுச் செல்கிறேன். மாக்ஸ் மார்ட்டின் யாருடைய துணையும் இல்லாமல் எழுதி, யாருடைய துணையும் இல்லாமல் தயாரித்து, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாடல் எது? பெயரைச் சொன்னால் எங்கள் அணி எழுந்து நின்று கைதட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.