சத்தமே வராத ஊர்

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எங்கயோ தூரத்துல ஒரு புயலோ பூகம்பமோ வந்தா இப்ப நமக்கு முதல்ல தெரியறது போன்லதான், அதுல எந்த ஊரு வீடியோ நிறைய வருதோ அங்கதான் பெரிய அழிவுன்னு மனசு தானா முடிவு பண்ணிடுது, ஆனா நிஜத்துல பல சமயம் தலைகீழா இருக்கு.

2017-ஐ எடுத்துக்கோங்க. ஆகஸ்ட் கடைசில ஹார்வி புயல் அமெரிக்காவோட டெக்சாஸ்ல அடிச்சுது. ஹூஸ்டன்ல ஊரே தண்ணில நின்னாலும் பெரும்பாலான செல்போன் டவர் வேலை செஞ்சுது, 911-ங்கற அவசர உதவி லைன் கிடைக்காதவங்க ட்விட்டர், ஃபேஸ்புக்ல அட்ரஸ் போட்டு படகு வரவழைச்சாங்க, உலகமே பார்த்துச்சு. அங்க இறந்தவங்க சுமார் நூறு பேர். அதே மழைக்காலத்துல இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் மூணுலயும் சேர்த்து வெள்ளத்துல 1,200 பேருக்கு மேல செத்தாங்க, அது எத்தனை பேர் ஃபீட்ல வந்துச்சு?

அடுத்த மாசமே, செப்டம்பர் 20, மரியா புயல் அமெரிக்காவுக்குச் சொந்தமான கரீபியன் தீவு போர்ட்டோ ரிக்கோவுல கரை ஏறுச்சு. மறுநாள் பார்த்தா அந்தத் தீவுல 95 சதவீத டவர் அவுட். கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, அப்புறம் யாரு வீடியோ போடுவா சொல்லுங்க? செத்தவங்க 64 பேர்னு அரசாங்கம் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்துச்சு. 2018 ஆகஸ்ட்ல ஒரு பல்கலைக்கழக ஆய்வு வந்த பிறகு அதை 2,975-ன்னு மாத்தினாங்க. எனக்கு இதை நினைச்சா இன்னமும் ஆத்தாமையா இருக்கு, ஏன்னா அதுல ஏகப்பட்ட பேர் செத்தது புயல் ஓய்ஞ்ச பிறகு, வாரக்கணக்கா மாசக்கணக்கா கரண்ட் இல்லாம, மருந்து, சிகிச்சை கிடைக்காம, அதுவும் முக்கியமா வயசானவங்களும் ஏழைங்களும். அதுக்குள்ள நம்ம டைம்லைன் வேற எங்கயோ போயிடுச்சு.

பசிபிக் கடல்ல இருக்கிற தீவு நாடு டோங்கால 2022 ஜனவரில எரிமலை வெடிச்சப்பவும் இதே கதை, சாட்டிலைட் படத்தை கோடிக்கணக்கான பேர் பார்த்தோம், ஆனா கடலடி கேபிள் அறுந்து போனதால அங்க இருக்கிற ஜனங்க குரல் மட்டும் வெளிய வரல, கேபிளை சரி பண்ணவே அஞ்சு வாரம் ஆச்சு.

பொய்ப் படம் வேற. 2015 நேபாள பூகம்பத்தப்ப, தங்கச்சிய கட்டிப்பிடிச்சுட்டு இருக்கிற ஒரு சின்னப் பையன் போட்டோ சுத்துச்சே, அது 2007-ல வியட்நாம்ல எடுத்தது.

சோசியல் மீடியாவே வேணாம்னு நான் சொல்லல. 2023 பிப்ரவரில துருக்கி பூகம்பத்துல இடிபாட்டுக்குள்ள மாட்டினவங்க லொகேஷன் போட்டு ஆள் கூப்பிட்டாங்க, அந்த நேரத்துல போய் ட்விட்டரை முடக்கினப்ப ஜனங்களுக்கு வந்த கோபம் முழுக்க நியாயம்.

நான் கேக்கறது இதான். அடுத்த தடவை ஒரு பேரழிவு வந்தா வர்ற வீடியோவ பாருங்க, கூடவே மேப்பையும் திறந்து, பாதிச்ச பகுதில எந்த ஊர்லேர்ந்து ஒண்ணுமே வரலன்னு தேடுங்க, அந்த ஊர் பேரைச் சொல்லி எழுதுங்க, மூணு மாசம் கழிச்சும் அங்க என்ன ஆச்சுன்னு கேளுங்க.