கரை அறிந்த முகம்: நடிகர் ‘பூ’ ராமு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

2012-ஆம் ஆண்டு இறுதியில் ‘நீர்ப்பறவை’ வெளிவந்தபோது, இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் பேருந்து ஏறி இராமநாதபுரத்துக்குச் சென்று அந்தப் படத்தைப் பார்த்தோம். கடலுக்குப் போன மீனவன் இலங்கைக் கடற்படையின் குண்டுக்குப் பலியாகும் கதை எங்கள் கரைக்குப் புதிதன்று. அதனால் அரங்கில் யாரும் அதிகம் பேசவில்லை. நாற்பது ஆண்டுகள் நாட்டுப்படகில் பாடு பார்த்த என் பெரியப்பா, வெளியே வந்தபின் கதாநாயகனைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல், “அந்த அப்பன் வேசம் கட்டுனவரு நம்ம கரைக்காரரா?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது, கதாநாயகனை வளர்த்த தந்தையாக நடித்த ‘பூ’ ராமுவைப் பற்றித்தான்.

அவர் நம் கரைக்காரர் அல்லர்; வலை இழுத்துப் பிழைத்தவரும் அல்லர். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கத்தில் இயங்கியவர், நெடுங்காலம் வீதி நாடகம் நடித்தவர். 2008-இல் சசி இயக்கிய ‘பூ’ படத்தில்தான் திரையுலகம் அவரை அறிந்துகொண்டது. ச. தமிழ்ச்செல்வனின் சிறுகதையிலிருந்து பிறந்த அந்தப் படத்தில், பேனாக்காரர் என்ற பெயரில், மகனின் வாழ்க்கையைத் தன் கணக்கின்படி முடித்துவைத்துவிட்டுப் பின்னர் அந்தப் பாரத்தைச் சுமக்கும் தகப்பனாக அவர் வந்தார். படத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு, கடைசி வரை நிலைத்துவிட்டது.

வீதி நாடகத்திலிருந்து திரைக்கு வருவது எளிதான காரியமன்று என்பதை நான் ஓரளவு அறிவேன். கல்லூரி நாள்களில் மண்டபத்திலும் தொண்டியிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்தருகே நாங்கள் வீதி நாடகம் போட்டிருக்கிறோம். ஒலிபெருக்கி கிடையாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசினால் வாயைத் திறக்கும்போதே சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும். நாற்புறமும் நிற்கும் கூட்டத்தின் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டுமென்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவோம், கைகளைத் தலைக்கு மேலே வீசுவோம். திரைப்படக் கருவியோ முகத்துக்கு மிக அருகே வந்து நிற்கிறது. அங்கே உரத்த குரலும் வீசிய கையும் பொய்யாகிவிடும். தெருவில் பல ஆண்டுகள் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை அடக்கிக்கொள்வதற்குப் பெரிய கட்டுப்பாடு வேண்டும். ராமு அதைச் செய்தார். தெருவில் நின்று மக்களின் முகங்களை அத்தனை அருகில் பார்த்ததுதான் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் கரையில் படகு வரத் தாமதமானால் பெண்கள் மணலில் வந்து நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் அப்படி நிற்பதில்லை. குடிசை நிழலில் உட்கார்ந்து, கிழியாத வலையையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பொத்துவதுபோல் ஊசியை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கண் மட்டும் நொடிக்கொரு தரம் கடலுக்குப் போய்த் திரும்பும். ராமுவின் நடிப்பில் நான் காண்பது அந்த ஊசி பிடித்த கையின் அடக்கத்தைத்தான். என் பெரியப்பா அவரைக் கரைக்காரர் என்று எண்ணியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அப்பா வேடங்கள். ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்களே என்று சிலர் வருந்துவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2013-இல் ‘தங்க மீன்கள்’ படத்தில் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பொருளீட்டத் தெரியாத மகனைத் தன் வீட்டில் வைத்துக் காக்கும் தந்தையின் கண்டிப்பும் கவலையும் அதில் உண்டு. 2020-இல் வந்த ‘சூரரைப் போற்று’ படத்திலும் ஆசிரியரே, ஆனால் முற்றிலும் வேறு மனிதர். ஊருக்காக ஓயாமல் மனு எழுதும் அந்தத் தந்தை, மகனின் கோபத்துக்கு முன்னால் எழுத்தையே நம்பி நிற்கிறார். அவர் சாகக் கிடக்கும்போது மகன் விமானக் கட்டணத்துக்குப் பணம் போதாமல் தவிக்கும் காட்சி நெஞ்சில் தைப்பதற்கு, முன்பே அந்த மனிதரை ராமு நமக்கு நெருக்கமாக்கி வைத்திருந்ததே காரணம். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கல்லூரி முதல்வராகச் சில நிமிடங்களே வருகிறார். ஒடுக்குமுறையைத் தாண்டிப் படித்து மேலே வந்த ஒருவர், அடிபட்டு நிற்கும் மாணவனிடம் பேசும் அந்த இடத்தில் அவர் குரலில் இரக்கத்தைவிட உறுதியே மேலோங்கி நிற்கிறது. அந்தப் படத்தில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான்.

திரையில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள். 2022 ஜூன் மாதம் சென்னையில் அவர் காலமானார். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் இயக்கத்தில் மம்மூட்டியுடன் நடித்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2023 ஜனவரியில்தான் திரையரங்குகளுக்கு வந்தது. அதைவிட என்னை வாட்டுவது ‘கிடா’. பேரன் தீபாவளிக்குக் கேட்ட புத்தாடைக்காக, வீட்டில் வளர்த்த கிடாவை விற்க முயலும் தாத்தாவாக, முதன்மை வேடத்தில் அவர் நடித்த படம் அது. சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாக இடம்பெற்று அந்தப் படம் 2023 தீபாவளிக்கு வெளியானபோது, அவர் மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

வணக்கம்.