நீலம் தோலில் இருக்கிறது

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

துபாயிலிருந்து என் தங்கை மகள் பிள்ளையோடு ஊருக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே பழக்கடையில் புளூபெர்ரி வாங்கிவந்து, "பெரியம்மா, இது அவ்வளவு நல்லதாமே?" என்று கேட்டாள். 125 கிராம் பிளாஸ்டிக் டப்பா. ஒரு பழத்தை எடுத்து விரலால் தேய்த்தேன். மேலே திருநீறு பூசினாற்போல் இருந்தது போய், கருநீலத் தோல் பளபளத்தது. அந்தப் பூச்சை மருந்துத் தூள் என்று பயந்து சிலர் தேய்த்துக் கழுவுகிறார்கள். பழம் தானாக உண்டாக்கும் மெழுகு அது. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும். அதனால் சாப்பிடும்போது அலசினால் போதும். கழுவி ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

பழத்தைப் பிளந்தால் உள்ளே வெளிர்பச்சை. நீலமெல்லாம் தோலில்தான். அந்த நிறத்தின் பெயர் ஆந்தோசயனின். புளூபெர்ரியைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே நடக்கின்றன. அமெரிக்காவில் 93,600 பெண்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்து 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்தில் மூன்று தடவையாவது புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பழம் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர்கள். அதனால் பழம் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வுதான் நம் மாவட்டத்து வீடுகளுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் இவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்தது. பழங்களைச் சாறாகக் குடித்தவர்களுக்கோ கூடியது! விருந்தாளி வந்ததும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, சீனி போட்டு நீட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வடிகட்டியில் நின்றுபோகும் சக்கைதான் நார்ச்சத்து. கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் 'புளூபெர்ரி' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கவும் வேண்டாம்.

சரி, இது நம் மண்ணில் வளருமா? பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் நல்ல குளிர் வேண்டும். அதற்கு நாம் எங்கே போவது? ஆனால் அதே ஆந்தோசயனின் நிறைந்த பழம் நமக்கும் உண்டு. நாவற்பழம் என்கிறார்களே, நம் ஞாவப்பழம்தான். புளூபெர்ரியின் தோலில் உள்ள நிறப்பொருள்களில் முக்கியமான சில ஞாவலிலும் இருக்கின்றன. வடசேரிச் சந்தையில் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தும் பாராமல் போகிறோம்.

புளூபெர்ரியும் நூறு வருடத்துக்கு முன்பு காட்டுப்பழம்தான். நியூஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்மணி, பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடியைக் காட்டித் தருகிறவர்களுக்குப் பணம் கொடுத்தார். ஃபிரடெரிக் கோவில் என்ற தாவரவியலாளர் அவற்றை ஒன்றோடொன்று இனக்கலப்பு செய்தார். 1916இல் முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது. நம் குளத்தங்கரை ஞாவலையும் யாராவது இப்படித் தேடிப் பார்க்கமாட்டார்களா என்று எனக்கு ஏக்கம். மரங்களே குறைந்துகொண்டு வருகின்றன.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஞாவல் கொட்டைப்பொடி சாப்பிடுகிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை டப்பா முழுவதையும் தீர்த்துவிட்டது. நாக்கை நீட்டச் சொன்னேன். லேசாகத்தான் நிறம். "ஞாவப்பழம் தின்னா நாக்கு ஊதாவா ஆகும்" என்றதும், "எப்ப பாட்டி கிடைக்கும்?" என்று கேட்டாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பழத்தையும் உப்பையும் போட்டு, இன்னொரு சிரட்டையால் மூடிக் குலுக்கினால் துவர்ப்பு அடங்கும். நாங்கள் அப்படித்தான் தின்றோம். அடுத்த லீவுக்கு ஆனி மாதமே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சிரட்டையைச் சுரண்டிக் கழுவி எடுத்தும் வைத்தாயிற்று.

நன்றி, வணக்கம்.