காருக்கு அடியில் ஆறு மாதம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நம் மலையகத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அட்டன், பண்டாரவளை, நுவரெலியா என்று எந்த டவுனுக்குப் போனாலும் ஒரு மொரிஸ் மைனராவது கண்ணில் படும். நிறுத்திப் பேசினால், எந்தக் கடையில் பெயின்ட் அடித்தது, சீட் உறை எங்கே தைத்தது, பம்பருக்கு முலாம் போட எவ்வளவு ஆனது என்றெல்லாம் ஆசையாகச் சொல்வார்கள். அடியில் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த அடிப்பக்கத்தைப் பற்றித்தான்.

எங்கள் வீடு கொட்டகலைக்குப் பக்கத்தில். கார், 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. ஶ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு இன்னும் அதில்தான் இருக்கிறது. பாடசாலை ஆசிரியராக இருந்த அப்பா, பழைய காராக வாங்கியது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்க்க எங்களை அதில்தான் கூட்டிப் போவார். அப்பா போன பிறகு கார் என் கைக்கு வந்தது. பெயின்டைப் பார்த்து, நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை, வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பின்னால் எடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். முன்பக்கம் இடது மூலை அப்படியே தரையில் உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து கிடக்கிறது. அதற்கு முதல் நாள் மாலைதான் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் ஏறி வந்திருந்தேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அதை நினைத்தபோது கை நடுங்கியது. வெகுநேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மைனரின் முன்சக்கரம் ஒரு செங்குத்தான பின்னில் திரும்புகிறது. நம் ஊர் மெக்கானிக் பாஸ்மார் அதைக் கிங் பின் என்பார்கள். பின்னின் இரண்டு முனையிலும் திருகாணி மாதிரிப் புரி வெட்டியிருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு உலோகக் கட்டைக்குள் அந்தப் புரி முறுகி நிற்கும். அந்தக் கட்டைக்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் புரிக்குள் புரி சுழலும். இடையில் கிரீஸ் இருந்தால் பல ஆண்டு தாங்கும். கிரீஸ் வற்றினால் இரும்போடு இரும்பு உரசி, புரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒருநாள் வழுகி வெளியே வந்துவிடும். மெதுவாகப் போகும்போது, அதுவும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்திருக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்த ஒன்றுதான்.

கழற்றிய பின்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மேல்முனையில் புரி கூர்மையாக இருந்தது. கீழ்முனையில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் எதிலும் தட்டவில்லை, விரல் மாதிரி வழவழப்பு. ட்ரனியனுக்குள் காய்ந்த கிரீஸ், கருப்புப் புளி மாதிரி கட்டியாக இருந்தது. கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் வாயை மண் அடைத்திருந்தது. அத்தனை வருடமும் சேர்விஸ் என்று கொடுத்தபோதெல்லாம் கிரீஸ் வெளியே வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை.

அதனால் இதை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். மைனருக்குக் கிரீஸ் அடிக்கும்போது காரின் எடை சக்கரத்தில் இருக்கக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அடிக்க வேண்டும். எடை ஏறி நிற்கும்போது புரியின் ஒரு பக்கம் இறுகிப் போயிருக்கும், அங்கே கிரீஸ் நுழையாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று மொத்தம் நான்கு நிப்பிள். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு மறுபடியும் அடியுங்கள். நான் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அடிக்கிறேன். கால் மணி நேர வேலை.

புது பின்னும் ட்ரனியனும் வாங்கக் கொழும்புக்கு, பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மைனர் 1948இலிருந்து 1971வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். 1990களில் நம் நாட்டிலேயே இதற்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதனால் தேடினால் கிடைக்கும். ஆனால் இடப்பக்கத்துப் புரி வேறு, வலப்பக்கத்துப் புரி வேறு. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

சரி, பின்னை மாற்றினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாற்றுவதற்காக அடியில் படுத்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது.

இந்தக் காரில் லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சேசி கிடையாது. தகடுகளை மடித்து ஒட்டிய உடம்பேதான் சட்டமும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கும் சுருள் அல்ல. டோர்ஷன் பார் என்ற நீளமான உருக்குக் கம்பி. அதன் ஒரு முனை, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கையில், அதாவது கீழ்க்கையில் இருக்கும். மறுமுனை நாம் உட்காரும் இடத்துக்கு அடியில், குறுக்கே போகும் ஒரு பெட்டிச் சட்டத்தில் மாட்டியிருக்கும். சக்கரம் குழியில் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி முறுகி முறுகி விடும். ஆக, முன்பக்கத்தைத் தாங்கும் அந்த முறுக்கெல்லாம் கடைசியில் அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரண்டு நுனிக்குத்தான் வந்து சேர்கிறது.

அந்த நுனியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு 'டிங்' என்று சொல்லும். என் சட்டத்தின் வலது நுனி 'தொப்' என்றது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடிவரை உள்ளே போய்விட்டது. சுரண்டினால் கருப்புத் தார், அதற்குக் கீழே புட்டி, அதற்குக் கீழே பேப்பர்! ஆமாம், செய்தித்தாளைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, மேலே புட்டி பூசி, தார் அடித்திருந்தார்கள். எங்கோ ஒரு கராஜில் யாரோ காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை. இன்றைக்கும் அதை மன்னிக்க என் மனம் வரவில்லை. பம்பரில் புட்டி வைத்தால் அசிங்கம், அவ்வளவுதான். இந்த இடத்தில் புட்டி வைப்பது ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது.

நம் ஊரில் துரு எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் தெருவில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள், அந்த உப்பே கார்களைத் தின்கிறது. நமக்கு உப்பு இல்லை. ஆனால் வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு ஐயாயிரம் மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. மழை விட்டால் மூடுபனி. மட்கார்டின் உள்மூலையில் சேரும் செம்மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காயாது. தோட்டத்தில் உர மூட்டை ஏற்றிய வண்டியென்றால் நிலைமை இன்னும் மோசம். அமோனியம் சல்பேட்டும் உப்புத்தானே. பெட்டிச் சட்டங்களுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். தார் அடிக்கும்போது அதையும் சேர்த்து மூடிவிட்டால், கார் தன் வயிற்றுக்குள்ளேயே தண்ணீரை வைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே அரிக்கும். கழுவாமல், காயாமல் துருவின் மேலேயே கருப்புத் தார் அடிப்பதை நான் வெறுப்பது அதனால்தான்.

இன்னொரு பழக்கம், பழைய என்ஜின் எண்ணெயை அடிப்பக்கம் முழுக்க விசிறுவது. தகட்டுக்கு அது கொஞ்சம் உதவலாம். ஆனால் இரும்பும் இரும்பும் உரசாமல் இடையில் வைக்கும் புஷ்களெல்லாம் இறப்பர். கேகாலைத் தோட்டத்துப் பால்வெட்டிய இறப்பரேதான் என்று வையுங்கள். எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதிக் கொழகொழத்துப் போகும். என் காரின் பின் ஸ்பிரிங் புஷ்ஷை விரலால் அமுக்கினேன், களி மாதிரி பிதுங்கியது.

வேலைக்கு முதலில் சமதரை வேண்டும். மலையில் அதுதான் கிடைக்காதது. எங்கள் வாசல் முழுக்கச் சரிவு. தேயிலைக் கரையோரம் இரண்டு தடத்துக்கு மட்டும் மண்ணை வெட்டி, மட்டம் பார்த்துக் கொங்கிரீட் போட்டேன், மேலே தகரக் கூரை. மைனரின் எடை முக்கால் தொன். ஜெக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம், அது எந்த எச்சரிக்கையும் தராமல் உடையும். நான் இரும்பு ஸ்டாண்ட் நான்கு வைத்தேன். அதற்குத் துணையாக ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கினேன். பிறகு காரைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்துத்தான் உள்ளே போவேன். தனியாக இருக்கும் நாளில் போகமாட்டேன். வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

டோர்ஷன் பாரைக் கழற்றுவதில் அவசரமே கூடாது. அது முறுகிய நிலையில் பலத்தை அடக்கி வைத்திருக்கும். கீழ்க்கைக்கு ஜெக் கொடுத்து, மேல்பக்கத்தைப் பிரித்து, ஜெக்கை மெல்ல மெல்ல இறக்கி முறுக்கை முழுதாக விட்ட பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். கம்பி முனையின் எந்தப் பல் எதில் இருந்தது என்று வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது கம்பி இடதுக்கே, வலது வலதுக்கே. ஒரு பக்கமாக முறுகிப் பழகியதை மாற்றிப் போட்டால் உடையக்கூடும். பைப் ஸ்பேனரால் பிடித்தால் விழும் சின்னக் கீறல்கூடப் பிறகு விரிசலாகும். நான் பழைய சாரத்துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

வெல்டிங்கை நான் செய்யவில்லை. தலவாக்கலையில் ஒரு வெல்டிங்கார அண்ணன் இருக்கிறார், அவரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். வந்ததும் அவர் இயந்திரத்தை எடுக்கவில்லை. "தம்பி, முதல்ல பெற்றோல் டாங்கிய இறக்குங்க, பெற்றரி வயரக் கழட்டுங்க" என்றார். அப்புறம் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை ஒட்டுப்போட்டார். அதைச் செய்யாமல் அடித்தகட்டை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது. அழுகியதன் மேல் ஒட்டுப் போடாமல், பளிச்சென்ற தகடு தெரியும்வரை வெட்டிப் புது நுனி வைத்தார். இப்படிப்பட்ட கைக்குக் கேட்ட காசைக் கொடுக்கத் தயங்கக் கூடாது.

மற்ற நாட்களெல்லாம் கம்பி பிரஷும் நானும்தான். ஒரு கையளவு இடத்தைச் சுத்தமாக்க ஒரு மணி நேரம் போகும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி கட்டாயம். சுரண்டி முடித்த இடத்தில் பொஸ்போரிக் அமிலத் திரவம் பூசினால் மிஞ்சிய துரு கறுத்து இறுகும். அதற்குமேல் துத்தநாகப் பிரைமர், அப்புறம்தான் பெயின்ட். மூடுபனியில் பெயின்ட் அடிக்க வேண்டாம். தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும், பெயின்ட் பிறகு தோலாக உரியும். நம் பக்கம் தை கடைசியிலிருந்து பங்குனிவரை நல்ல காலம், அதுவும் காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு. பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு கலந்த எண்ணெயை விசிறினேன். வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன்.

ஷொக் அப்சோபருக்கு அதற்கென்று உள்ள எண்ணெயை ஊற்றி, அதன் கையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டிக் காற்றை வெளியேற்றினேன். முன்பக்கத்து ஷொக் அப்சோபரின் கையேதான் சக்கரத்துக்கு மேல்கையும். அதனால் அதன் போல்ட்டுகளை இரண்டு தடவை பார்த்து இறுக்கினேன். பிரேக் குழாய்கள் எல்லாம் புதிது. றம்பொடையில் இறங்கும்போது துருப்பிடித்த குழாயை நம்ப முடியாது.

பின் ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் தேய்த்துப் புது புஷ் போட்டபோது அந்த அண்ணன் சொன்ன ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. புஷ்ஷை நுழைக்கக் கிரீஸ் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் போதும். போல்ட்டையும் கார் தூக்கி நிற்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் இறப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரத்திலும் காரை நிறுத்தி, உள்ளே ஆட்களை உட்கார வைத்துத்தான் கடைசி இறுக்கு. அன்றைக்கு அம்மாதான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கீழே கிடந்து ஸ்பேனரை இழுக்க, மேலிருந்து, "முடிஞ்சிருச்சா? இல்ல இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கார்த்திகையில் தொடங்கியது சித்திரையில் முடிந்தது. வைகாசியில் முதல் பெருமழை. அட்டன் போய்த் திரும்பி, காரைக் கூரைக்குள் விட்டு, டோர்ச் லைட்டோடு குனிந்து பார்த்தேன். குறுக்குச் சட்டத்து வலது நுனியின் ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டு நிற்கும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.