மெல்கிசேதேக்கு: மூன்று வசனங்களிலிருந்து ஒரு ஆசாரியத்துவம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஒரு உபதேசம் வேதத்துக்குள் எப்படி வளர்கிறது என்று பார்க்க மெல்கிசேதேக்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆதியாகமம் 14-ல் 18 முதல் 20 வரை மூன்றே வசனங்கள். லோத்தை மீட்டுத் திரும்பும் ஆபிராமை, சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான ஒருவன் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆசீர்வதிக்கிறான், தசமபாகம் வாங்கிக்கொள்கிறான். அதோடு சரி, ஆள் மறைந்துவிடுகிறான்.

பிறகு நியாயப்பிரமாணம் வருகிறது. ஆசாரியத்துவம் ஆரோன் வீட்டுக்கு. பின்னாளில் ராஜ்யபாரம் தாவீதின் வீட்டுக்கு. ராஜாவான உசியா, ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் வேலையைச் செய்யத் துணிந்தபோது அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது (2 நாளாகமம் 26). இதை மனதில் வைத்துச் சங்கீதம் 110-ஐ வாசியுங்கள். முதல் வசனத்தில் வலதுபாரிசத்தில் உட்காரும் ராஜா. நாலாம் வசனத்தில் அதே ராஜாவை, மெல்கிசேதேக்கின் முறைமைப்படி என்றென்றைக்கும் ஆசாரியர் என்று கர்த்தர் ஆணையிட்டே சொல்கிறார்!

பலர் இந்தச் சங்கீதத்தைத் தாண்டி, ஆதியாகமத்திலிருந்து நேரே புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்துக்குப் போய்விடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. எபிரெயர் 7-ன் வாதமே சங்கீதத்தின் மேல் நிற்கிறது. லேவி கோத்திரத்தானான ஆரோனின் ஆசாரிய முறைமை போதுமானதாக இருந்திருந்தால், வேறொரு முறைமை எதற்கு (7:11)? அந்த ஆணை நியாயப்பிரமாணத்துக்குப் பிறகு வந்தது (7:28); ஆகவே பழையதை மிஞ்சுகிறது. இயேசு யூதா கோத்திரத்தார் என்ற தடையும் (7:14) இங்கேதான் நீங்குகிறது.

மெல்கிசேதேக்கை எபிரெயர் 7:3 ‘தகப்பனும் தாயும் இல்லாதவன்’ என்று சொல்வதைக் கொண்டு அவன் தேவதூதன் என்றோ கிறிஸ்துவே என்றோ சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வம்ச அட்டவணையில் பெயர் கிடைக்காதவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்தே விலக்கப்பட்டார்கள் என்று எஸ்றா 2:62 சொல்கிறது. அட்டவணைகள் நிறைந்த ஆதியாகமத்திலோ இவனுக்கு அட்டவணை இல்லை. அந்த மௌனத்தைத்தான் ஆக்கியோன் எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் தேவகுமாரனுக்கு ‘ஒப்பானவன்’ என்று எழுதுகிறார். என்றென்றைக்கும் என்ற வாக்கு நிழலான மெல்கிசேதேக்கினிடத்தில் அல்ல, அழியாத ஜீவனுடைய உயிர்த்தெழுந்தவரிடத்தில் நிறைவேறுகிறது (7:16).

அப்பமும் திராட்சரசமும்? 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜின் சிப்ரியான் அதில் திருவிருந்தைக் கண்டார். மதிக்கவேண்டிய பழைய வாசிப்பு அது. ஆனால் ஆசீர்வாதம், தசமபாகம், பெயர், ஊர் என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசும் எபிரெயர் ஆக்கியோன், அந்த அப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எனவே ஆசாரியத்துவ உபதேசத்தை அதன்மேல் கட்டாதீர்கள், ஆணையின்மேல் கட்டுங்கள்.